சந்தனம் பூசிய ரீடர்

ஆயுத பூஜையன்று எங்கள் புழல் யார்டு கேட்டில் முதல் பொட்டு ரீடருக்குத்தான். அப்புறம் எடைமேடை, அதற்கும் அப்புறம் ஃபோர்க்லிஃப்ட். விஜயவாடாவிலிருந்து ராத்திரி முழுக்க ஓட்டி வந்து கண் சிவந்து நிற்கிற டிரைவருக்குக் கடைசியில் ஒரு பொட்டலம் பொரிகடலை கிடைக்கும். ரீடர் என்றதும் யாரோ படித்த மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். படிப்பவர்தான், மனிதர் இல்லை. லாரிக்காரர் நீட்டுகிற கார்டைப் படித்து, உள்ளே மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கறுப்புப் பெட்டி. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. இந்த வருஷம் அவருக்குச் சந்தனம், குங்குமம், இரண்டு முழம் கதம்பம். கம்ப்யூட்டருக்கு ஒரு முழம்தான். கேட்பவரை விடச் சொல்பவருக்கு ஒரு படி மரியாதை கூடுதல் என்பது எங்கள் கணக்கு.

இதில் வியக்க ஒன்றுமில்லை. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் புழல் கோட்டமும் ஒன்று. பீலி கட்டி, மாலை சூட்டி, காம்புக்கு நெய் தடவிக் காவல் மனைக்குள் அடுக்கி வைத்திருந்த வேல்களைத் தொண்டைமான் ஔவைக்குக் காட்டியதும், அவற்றை அவர் வாயாரப் புகழ்ந்ததும் புறநானூற்றில் இருக்கிறது. அவன் ஆண்ட மண்ணில் வேலை பார்த்துக்கொண்டு கருவிக்கு மாலை போடாமல் இருக்க எங்களுக்கு மனம் வருமா? ஔவை அளவுக்கு வாக்கு வன்மை எனக்குக் கிடையாது. கேட்டில் பில் போடுகிற ஆள் நான். எனக்குத் தெரிந்த அளவில் நாலு வார்த்தை புகழ்ந்து வைக்கிறேன்.

முதலில் அவருடைய அடக்கம். கார்டுக்குள் பேட்டரி கிடையாது. ரீடரின் 125 கிலோஹெர்ட்ஸ் அலையில் பிச்சையெடுத்த மின்சாரத்தில்தான் அது தன் எண்ணை முனகும். அந்த முனகலைக் கேட்டு, மொத்தமே 14 எழுத்துகளில் ரீடர் செய்தியை முடித்துவிடுவார். தொடக்கக் குறி ஒன்று, கார்டு எண்ணுக்குப் பத்து, சரிபார்க்க இரண்டு, முடிவுக் குறி ஒன்று. வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் இந்தப் பேச்சு 15 மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும். வடசென்னையில் யாரும் இதை விடச் சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்தது அவர் கடைப்பிடிக்கும் ஆசாரம். கம்பி வழியே ஒரு நேரத்தில் ஒரு பிட் என்று வரிசையாக அனுப்புகிற இந்த முறைக்கு ஆர்.எஸ்.232 என்று பெயர். 1960-இல் அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் வகுத்தது. தந்தி அச்சுப்பொறியும் மோடமும் பேசிக்கொள்வதற்கென்று உண்டானது. நிலவுக்கு மனிதன் போவதற்கு முன்னால் எழுதின விதியை, புழல் ஜெயிலைத் தாண்டி உள்ளே திரும்புகிற சந்தில் இன்றைக்கும் ஒரு எழுத்து பிசகாமல் காப்பாற்றி வருகிறார் என்றால், அந்தப் பக்தியை எந்த மடாதிபதியிடம் காண முடியும்? அந்த விதியின் அழகையும் சொல்ல வேண்டும். ‘ஒன்று’ என்று சொல்ல வேண்டுமானால் கம்பியில் மைனஸ் மின்னழுத்தம்; ‘சைபர்’ என்றால் பிளஸ். இருப்பதற்கு இறக்கம், இல்லாததற்கு ஏற்றம். உலக நடப்பை இவ்வளவு கச்சிதமாகப் புரிந்துவைத்த சட்டம் வேறில்லை. பேச ஒன்றும் இல்லாதபோது கம்பி நிற்கிற நிலைக்கும் ‘ஒன்று’ என்றுதான் பெயர்.

இரண்டு பேரும் ஒரே வேகத்தில் பேசுவது என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் 9600-இலும் மற்றவர் 19200-இலும் இருந்தால் காதில் விழுவது வெறும் குப்பை. அப்போதும் சண்டை கிடையாது. பேசுகிறவர் பேசிக்கொண்டே இருப்பார், கேட்கிறவர் குப்பையை வாங்கிக்கொண்டே இருப்பார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தின தம்பதிகளிடம்தான் இந்தப் பக்குவத்தைப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் என் ஆயாவைக் கொஞ்சம் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. ராத்திரி கதை சொல்லும்போது ‘உம்’ கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ‘உம்’ தவறினால் நிறுத்திவிடுவாள். “தூங்கிட்டியாடா?” என்பாள். தூங்கவில்லை என்று தெரிந்தால் விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்வாள். என்ன சந்தேக புத்தி! என்ன நேர விரயம்! ரீடரிடம் இந்தப் பழக்கம் அறவே கிடையாது. எங்கள் கேபிளில் அவர் சொல்வதற்கு ஒரு கம்பி, பூமிக்கு ஒரு கம்பி. கம்ப்யூட்டர் திரும்ப ‘உம்’ கொட்டுவதற்கான கம்பி இணைக்கப்படவே இல்லை. கம்ப்யூட்டர் கேட்டதா, தூங்கிவிட்டதா, செத்தே போய்விட்டதா என்று அவர் விசாரிப்பதில்லை. பெரியவர்கள் சொல்வதோடு சரி. கேட்டாயா என்று கேட்பது கௌரவக் குறைச்சல்.

கம்ப்யூட்டரும் லேசுப்பட்டதில்லை. ரீடர் ஒவ்வொரு முறையும் கார்டு எண்ணைக் கணக்குப் பார்த்து, ‘நான் சொன்னது இதுதான்’ என்று இரண்டு எழுத்தில் சான்று சேர்த்து அனுப்புகிறார் அல்லவா? எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள் அந்த இரண்டு எழுத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. வந்த குறிகளைச் சலித்துவிட்டு, முதல் பத்து எழுத்தை எடுத்துத் திரையில் போட்டுவிட்டு, மீதியைத் தூக்கி எறிந்துவிடும். சான்றைச் சரிபார்த்தால் ரீடர் மனம் புண்படாதா? நம்பிக்கை என்று ஒன்று வேண்டாமா? அது மட்டுமில்லை, கம்ப்யூட்டருக்கு எண்ணிக்கையில் அசாத்தியப் பற்று. 14 எழுத்து சேரும்வரை வாயே திறக்காது. பதின்மூன்று வந்து ஒன்று வராவிட்டாலும் காத்திருக்கும். அந்தப் பொறுமையின் மகிமையை அனுபவித்துச் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே ரீடரிடம் ஒரு குரல் இருக்கிறது. பீப். கார்டைப் படித்ததும் கூவுவார். கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்ததும் கூவுகிறார் என்று கேட்டில் இருக்கிற எல்லோரும் நம்புகிறோம். அப்படி இல்லை, தான் படித்துவிட்டதை நினைத்துக் கூவுகிறார். பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்தவுடன் பாஸ் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்களே, அந்தத் தன்னம்பிக்கை. கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு கார்டைக் காட்டினாலும் அதே பீப்தான் வரும். ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். சுருதிகூட மாறவில்லை.

ஒரு நாள் காலை பத்தே கால் மணி. ரீடரிலிருந்து ஆபீஸ் வரைக்கும் கேபிள் கிட்டத்தட்ட 25 மீட்டர். ஆர்.எஸ்.232-க்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை 15 மீட்டர். எல்லைகளை மதிக்காத வீரம் எங்கள் எலக்ட்ரீஷியனுக்கு. 1200 மீட்டர் வரைக்கும் தாங்குகிற ஆர்.எஸ்.485 போடலாம் என்று யாரோ சொன்னபோது, ‘வேலை செய்யுதில்ல, அப்பறம் எதுக்கு’ என்று ஒரே வாக்கியத்தில் யார்டுக்குச் செலவை மிச்சப்படுத்தினவர் அவர். சிக்கனத்தில் இன்னொரு படியும் ஏறி, போர்வெல் மோட்டாரின் வயரையும் இந்தக் கேபிளையும் ஒரே பைப்புக்குள் குடிவைத்திருந்தார். மோட்டார் போட்டார்கள். அதே நொடியில் ஒரு லாரி கார்டைக் காட்டியது. பதின்மூன்று எழுத்து போய்ச் சேர்ந்தது. பதினான்காவதாகப் போக வேண்டிய முடிவுக் குறியை மோட்டார் விழுங்கிவிட்டது.

பீப் வந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. தடுப்புக் கம்பி தூக்கவில்லை. பீப் வந்துவிட்டதே என்று செக்யூரிட்டி பொத்தானை அழுத்திக் கம்பியைத் தூக்கி வண்டியை அனுப்பிவிட்டார். அடுத்த லாரி எடைமேடையில் ஏறி நின்று கார்டைக் காட்டியது. அதன் செய்தியின் முதல் எழுத்தை எடுத்து, முந்தைய லாரியின் பதின்மூன்றோடு சேர்த்து, கம்ப்யூட்டர் பதினான்கை முழுதாக்கிக்கொண்டது. திரையில் எண் வந்தது, கம்பியும் தூக்கியது. எல்லோருக்கும் திருப்தி. வந்தது முன்னால் போன லாரியின் எண். பக்கத்தில் பதிவானது பின்னால் நிற்கிற லாரியின் எடை.

இப்போது இரண்டாம் லாரியின் பதின்மூன்று எழுத்து உள்ளே காத்திருக்கிறது. மூன்றாம் லாரி வந்து அதற்கு ஓர் எழுத்து தானம் செய்யும். நான்காவது வந்து மூன்றாவதை மீட்கும். ஒவ்வொரு பீப்புக்கும் ஓர் எண் வருகிறது, கம்பி தூக்குகிறது, பில் அடிக்கிறது. எந்த இயந்திரத்திலும் பழுதில்லை. கல்யாணப் பந்தியில் ஓர் ஆள் எழுந்துபோய், எல்லோரும் ஓரிலை தள்ளி உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரன் இலையில் சாப்பிட்ட கதைதான். எவ்வளவு ஒழுங்கு! தப்பு நடக்கும்போதும் வரிசை கலையாமல் நடக்கிற நிறுவனம் நாட்டில் எத்தனை இருக்கும்?

மத்தியானத்துக்குள் நாற்பது சொச்சம் லாரிகள் இப்படி ஒன்றின் எடையை மற்றொன்று சுமந்தன. காலி டிரைலர் ஒன்று 14 டன்னில் வெளியே போனது. பதிவில் அது 36 டன்னாக இருந்தது. ராயபுரத்து டிரைவர் அவர். சாயங்காலம் அடுத்த ட்ரிப்புக்கு வந்தபோது மேனேஜர் முன்னால் நிறுத்தினார்கள். 22 டன் சரக்கு எங்கே போயிற்று என்று கேட்டார்கள்.

“சவுண்டு வந்துச்சு சார், கம்பியும் தூக்கிச்சு. அப்பறம் இன்னா சார் நான் பண்ணணும்?”

“கார்டை ஒழுங்காக் காட்டலைன்னா இப்படித்தான்” என்றார் மேனேஜர். அதுதான் தீர்ப்பு. வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவைத்தார்கள். எண்ணூர் பக்கம் எடுக்க வேண்டிய பெட்டி கைவிட்டுப் போனது. ஒரு ட்ரிப் பேட்டாவும் போனது. ரீடரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க முடியாது என்பதுதான் அவருடைய பாதுகாப்பு: கேட்கிற கம்பிதான் இணைக்கப்படவில்லையே.

மறுநாள் விசாரணை நடந்தது. மென்பொருள் போட்டுக் கொடுத்த தம்பி, ரீடர் சரியாக அனுப்பவில்லை என்றார். ரீடர் விற்றவர், அனுப்பிவிட்டேன், கேபிளைப் பாருங்கள் என்றார். எலக்ட்ரீஷியன், கேபிளைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் யு.எஸ்.பி. மாற்றியைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் வைரஸ் என்றார். அந்த மாற்றியும் குணத்தில் குறைந்ததில்லை. பெருக்கும்போது பிடுங்கிவிட்டுப் பக்கத்து ஓட்டையில் செருகினால், காம் 3 என்று இருந்த தன் பெயரைக் காம் 7 என்று மாற்றிக்கொள்ளும். மென்பொருள் மட்டும் பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கடைசியில் மூவரும் ஒரே மந்திரத்தில் ஒன்றுபட்டார்கள்: “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.” செய்தோம். உள்ளே காத்திருந்த பதின்மூன்று எழுத்தும் மறைந்தது. வரிசை நேரானது. நேற்று என்ன நடந்தது என்பதற்கு ஒரு தூசு தடயம்கூட இல்லை. கொலை நடந்த வீட்டை இத்தனை சுத்தமாகக் கழுவிக்கொடுக்க எந்தக் கூலிக்காரனாலும் முடியாது.

ரீடர் குலத்தின் பூர்வ கதையும் பெருமைக்குரியதே. 1945-இல் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்கு, சோவியத் பிள்ளைகள் நட்பின் அடையாளமாக மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரையைப் பரிசளித்தார்கள். தூதர் மகிழ்ந்துபோய்ச் சுவரில் மாட்டிக்கொண்டார். உள்ளே லியோன் தெரமின் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலை பட்டால் மட்டும் உயிர் பெற்று, அறையில் பேசுவதை வெளியே சொல்லும். 1952-இல்தான் கண்டுபிடித்தார்கள். இன்றைய கார்டுகளுக்கெல்லாம் முன்னோடி என்று அதைத்தான் சொல்கிறார்கள். புகழ்ந்து கொடுத்த பரிசுக்குள் வேறு சங்கதி வைப்பது எங்கள் புலவர்கள் மட்டும் அறிந்த கலை என்று இவ்வளவு நாள் கர்வத்தோடு இருந்தேன்.

அந்தக் குலம் இப்போது எங்கள் பக்கம் நன்றாகவே தழைத்துவிட்டது. ஏற்றுமதிப் பெட்டிக்குக் கம்பெனிக்காரரே வைத்துக்கொள்ளும் முத்திரையில் சுங்கத்துறை 2017-இல் சிப்பை நுழைத்தது. கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்று பார்க்க, மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் 2016-இல் தொடங்கிய டேக் ஏற்பாடு, பிறகு சென்னைக்கும் எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் வந்தது. பெட்டி எந்த வரிசையில் எத்தனை மணி நேரமாக நிற்கிறது என்று எங்கேயோ இருக்கிற திரையில் தெளிவாகத் தெரிகிறது. அந்த வரிசையில் நிற்கிற டிரைவருக்குச் சிறுநீர் கழிக்க இடம் எங்கே என்று தெரிவதில்லை. ஒவ்வொன்றாகத்தானே முன்னேற வேண்டும்.

பெருங்களத்தூர் பக்கமிருந்து பைபாஸில் புழலுக்கு வருகிறவர்கள் சூரப்பட்டு சுங்கச்சாவடியில் பாஸ்டேக் ரீடரைத் தரிசித்துவிட்டுத்தான் வர வேண்டும். எங்கள் பெட்டியை விட அவர் வசதியானவர். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை பேசுவார், தொலைவிலிருந்தே கண்ணாடியில் ஒட்டிய டேக்கைப் படிப்பார். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து எல்லாத் தடங்களும் அவர் வசம். செல்லுபடியாகும் டேக் இல்லாமல் வந்து ரொக்கம் நீட்டினால் இரு மடங்கு கட்டணம் என்று விதித்தார்கள். 2025 நவம்பர் 15 முதல், யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு போதும் என்று சலுகை காட்டியிருக்கிறார்கள். தண்டனையில் தள்ளுபடி தருகிற தேசம்.

டேக் சரியாக இருந்து, கணக்கில் பணமும் இருந்து, சாவடியின் கருவிதான் வேலை செய்யவில்லை என்றால் வண்டியைக் கட்டணமில்லாமல் விட வேண்டும், ‘பூஜ்யம்’ என்று ரசீதும் தர வேண்டும் என்று 2018 மே 7-ஆம் தேதி அரசிதழிலேயே வந்திருக்கிறது. நான் கேட்டுப் பார்த்த டிரைவர்களில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. தெரிந்தாலும் என்ன? டேக் பேசவில்லையா, ரீடருக்குக் காது கேட்கவில்லையா என்று சாட்சி சொல்ல வேண்டியவர் ரீடர். பின்னால் பன்னிரண்டு வண்டி ஹாரன் அடிக்கும்போது வழக்காடவும் முடியாது. டேக்கைக் கண்ணாடியிலிருந்து பிய்த்து, துடைத்து, கையை வெளியே நீட்டி, தலைகீழாகவும் பக்கவாட்டிலும் காட்டுகிறார் டிரைவர். சாமிக்குக் கற்பூரம் காட்டுகிறவர்கூட அந்தப் பணிவோடு காட்டுவதில்லை.

ராயபுரத்து டிரைவர் கதைக்கு வருகிறேன். அவரை விடுவித்தது ஒரு நோட்டு. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி பெரியவரிடம் ஒரு லாங் சைஸ் நோட்டு உண்டு. ரீடர் வந்த பிறகு எழுத வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் எழுதிக்கொண்டிருந்தார். அந்த நோட்டைப் போல ஒரு பத்தாம்பசலியைப் பார்க்க முடியாது. வேகமே கிடையாது. “இன்னா நம்பர்?” என்று கேட்பார் பெரியவர். டிரைவர் சொல்வார். காது சரியில்லாததால் அதைத் திருப்பி உரக்கச் சொல்வார். டிரைவர் ‘ஆமா’ என்றால்தான் எழுதுவார். ‘இல்ல, நாலு இல்ல ஏழு’ என்றால் அடித்துவிட்டு எழுதுவார். பக்கம் முழுக்க அடித்தலும் திருத்தலும். நேரம், சரக்கா காலியா, டிரைவர் கையெழுத்து, எழுத வராதவர்களுக்கு ரேகை. ஒரு வண்டிக்கு ஒரு நிமிஷம் வீணாகிறது. ஒரு முறை சொன்னால் நம்பத் தெரியாத சந்தேகப் பிராணி. என் ஆயாவுக்குத் தம்பி.

விசாரணையின் நான்காம் நாள் அந்த நோட்டை மேசையில் வைத்தார்கள். அன்றைய பக்கத்தில், பத்தே கால் மணிக்கு நேராக, முதல் லாரியின் எண்ணும் அதன் டிரைவர் கையெழுத்தும் இருந்தன. பக்கத்தில் ‘சவுண்டு வந்தது, கம்பி தூக்கலை, பட்டன் போட்டேன்’ என்று பெரியவர் கைப்பட எழுதியிருந்தார். அங்கிருந்து ஒவ்வொரு வரியாகத் திரையோடு ஒப்பிட்டு, ஓரிலை தள்ளிச் சாப்பிட்டவர்களையெல்லாம் அவரவர் இலைக்குக் கூட்டி வந்தோம். காலி டிரைலர் என்று எழுதின வரியில் ராயபுரத்துக்காரரின் கையெழுத்து. பேட்டா போனது போனதுதான். ‘சரி, போய்ட்டு வாப்பா’ என்று மட்டும் அவரிடம் சொல்லப்பட்டது.

ஆயுத பூஜைக்கு அவரும் வந்திருந்தார். பொரிகடலையை வாங்கிக்கொண்டு, மாலையும் சந்தனமுமாக ஜொலிக்கிற ரீடரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கார்டை எடுத்துக் காட்டினார். கதம்பத்துக்கு உள்ளேயிருந்து பீப் வந்தது.

“நோட்டு எங்க சார்?” என்றார்.

தேடினோம். பூஜை இடத்தில் இல்லை. அட்டை பிய்ந்து, தையல் விட்டு, ஓரமெல்லாம் கிரீஸ் ஏறிப்போயிருந்ததால், நான்கு நாளைக்கு முன்னாலேயே பெரியவர் அதைச் செங்குன்றத்தில் ஒரு பைண்டிங் கடையில் போட்டிருந்தார்.